சின்ன செடித் தொட்டிக்கு எந்த ஃபில்டர்?

இன்னைக்குக் கேள்வி ரொம்ப சிம்பிள். ஒன்றரை அடி தொட்டி, சுமார் 40 லிட்டர் தண்ணி, உள்ள கொஞ்சம் செடி, நாலஞ்சு கப்பி மீன். இதுக்கு எந்த ஃபில்டர் வாங்கலாம்?

தூத்துக்குடிக்காரன் ஃபில்டர் பத்திப் பேசினா முத்துச் சிப்பி ஞாபகம் வராம இருக்காது. கடலடிப் பாருல ஒட்டிக்கிட்டு, செவுள் வழியா தண்ணிய இழுத்து, அதுல இருக்கிற நுண்ணுயிரை வடிகட்டித் தின்னும். ஆனா நம்ம தொட்டியில வடிகட்டுறது பாதி வேலைதான். மீன் கழிவுல இருந்து வர்ற அம்மோனியா மீனைக் கொன்னுடும். ஃபில்டருக்குள்ள வளர்ற பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தி, அப்புறம் நைட்ரேட்டா மாத்துது. நைட்ரேட்டைச் செடி உரமா எடுத்துக்கும். அதாவது, நீங்க வாங்குறது பாக்டீரியாவுக்கு ஒரு வீடு. அந்த வீட்டுக்கு ஆக்சிஜன் போய்க்கிட்டே இருக்கணும்.

இப்போ கரண்ட் விஷயம். 2023 டிசம்பர் 17, 18 மழை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பல தெருவுல நாள் கணக்கா கரண்ட் இல்ல. கேனிஸ்டர் ஃபில்டர் மூடின டப்பா. நின்னு போனா சில மணி நேரத்துல உள்ள ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிட்டா, உள்ள கெட்டுப்போன தண்ணி மொத்தமா தொட்டிக்குள்ள வரும். கழுவிட்டுத்தான் போடணும்.

அதனால நம்ம ஊர்ச் சின்னத் தொட்டிக்கு என் ஓட்டு ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு. அது தண்ணிக்குள்ளயே திறந்து கிடக்கு. பேட்டரியில ஓடுற ஏர் பம்ப் ஒண்ணு கைவசம் இருந்தா போதும், மீனுக்கும் காத்து, பாக்டீரியாவுக்கும் காத்து. குட்டி மீனை உறிஞ்சாது. குறை? இடத்தை அடைக்கும், குமிழிச் சத்தம் வரும். இன்னொண்ணு, தண்ணி மேல்பரப்பு கலங்குறதால கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிடும். சிலிண்டர் வச்சு அந்த கேஸ் கொடுக்கிறவங்களுக்கு இது நஷ்டம். அவங்க தொட்டி ஓரத்துல தொங்கவிடுற ஃபில்டரோ கேனிஸ்டரோ எடுத்து, மேல்பரப்பு ரொம்பக் கலங்காம செட் பண்ணலாம். மணிக்கு 160 முதல் 200 லிட்டர் ஓடினா 40 லிட்டர் தொட்டிக்குச் சரியா இருக்கும்.

மூணு விஷயம் மறக்காதீங்க. ஒண்ணு, ஏர் பம்பைத் தண்ணி மட்டத்துக்கு மேல வைங்க, இல்லன்னா டியூப்ல ஒருவழி வால்வு போடுங்க. கரண்ட் போனா தண்ணி டியூப் வழியா திரும்பி பம்புக்குள்ள இறங்கிடும். ரெண்டு, ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணியில கழுவாதீங்க. குளோரின் பாக்டீரியாவைக் கொல்லும். தொட்டியில இருந்து எடுத்த தண்ணியிலேயே லேசாப் பிழிஞ்சா போதும். மூணு, புது ஃபில்டர்ல பாக்டீரியா பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை பொறுமையா இருங்க, வாங்கின அன்னைக்கே மீனை விடாதீங்க.

அடுத்த எபிசோட்ல செடிக்கான லைட் பத்திப் பேசுவோம். வரேன்.