படக்கதை வீரரும் பட இயக்குநரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற கோடை விடுமுறையில் நம் காலனிப் பிள்ளைகள் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம் கொண்டு வந்தனர். சங்க மண்டபத்தில் பேட்மேன் படம் ஒன்றைத் திரையிட வேண்டும் என்பதே அது. முகமூடி அணிந்தவன் கூரைக்குக் கூரை தாவும் கதையில் என்ன இருக்கிறது என்று மறுத்துரைத்தவர்களுள் நாமும் ஒருவர். “பார்க்காமலே எப்படிச் சொல்கிறீர்கள், மாமா?” என்று பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி கேட்டாள். அவ்வினாவுக்கு அன்று நம்மிடம் விடை இல்லை. அதன் பின்னர் அப்படங்களை வரிசையாகப் பார்த்தோம். கண்டதை இன்று உங்கள் முன் வைப்பது, அச்சிறுமிக்குத் தீர்க்க வேண்டிய கடனாகும்.

பேட்மேன் என்னும் பாத்திரம் 1939-ஆம் ஆண்டு அமெரிக்கப் படக்கதை இதழொன்றில் பிறந்தது. ஓவியர் பாப் கேன், எழுத்தாளர் பில் ஃபிங்கர் ஆகிய இருவரின் படைப்பு அது. ப்ரூஸ் வேன் என்னும் செல்வர் வீட்டுச் சிறுவனின் கண்ணெதிரே அவன் பெற்றோர் தெருவில் சுட்டுக் கொல்லப்படுகின்றனர். வளர்ந்தபின் அவன் வௌவால் வேடம் பூண்டு, கோத்தம் நகரின் குற்றவாளிகளை எதிர்க்கிறான். கதை இவ்வளவே. ஆனால் ஒரே தோடியை இரு வித்வான்கள் பாடக் கேட்டுவிட்டு, வீடு திரும்பும் வழியெல்லாம் வாதிடுகிறவர்கள் அல்லவா நாம்? ராகம் ஒன்றுதான், பாடும் குரல் வேறு. இங்கும் அப்படியே.

முதலில் டிம் பர்ட்டனை நோக்குவோம். டிஸ்னி நிறுவனத்தில் சித்திரப்படக் கலைஞராகப் பணியாற்றியவர் அவர். 1989-இல் அவர் எடுத்த ‘பேட்மேன்’ படத்துக்காக இங்கிலாந்தின் பைன்வுட் படப்பிடிப்பு நிலையத்தில் கோத்தம் நகரையே கட்டி எழுப்பினர். வானை மறைக்கும் கட்டடங்கள், நீண்டு விழும் நிழல்கள், புகை கக்கும் தெருக்கள் என யாவும் கெட்ட கனவில் கண்ட நகரைப் போல இருக்கும். பழைய ஜெர்மானிய மௌனப் படங்களின் சாயலை அதில் காணலாம். ஊரோடு ஒட்டாத தனியர்களிடத்தில் பர்ட்டனுக்குத் தீராத பரிவு உண்டு. 1992-இல் வந்த இரண்டாம் படத்தில், அங்கக் குறையோடு பிறந்த குழந்தையைப் பெற்றோரே நீரில் விட்டுவிடுகின்றனர்; அக்குழந்தையே பின்னர் வில்லனாக வருகிறது. அவனைக் கண்டு அஞ்சுவதா, இரங்குவதா என்று தெரியாமல் நாம் திகைத்தோம்.

அந்தப் படம் சிறுவர்களுக்கு ஒவ்வாத இருள் கொண்டது என்று அங்குள்ள பெற்றோர் பலர் குறை கூறினர். அடுத்த படங்கள் ஜோயல் ஷூமாக்கரிடம் சென்றன. ஆடை வடிவமைப்பிலிருந்து திரைக்கு வந்தவர் அவர். வண்ண விளக்குகளும் பகட்டான உடைகளும் அவர் கைவண்ணம். 1995-இல் வந்த படத்தை மக்கள் ஏற்றனர். 1997-இல் வந்ததோ பொம்மைக் கடையின் கண்ணாடி அலமாரியைப் போல ஆயிற்று. ரசிகர்களை ஏமாற்றியதற்காக அவரே பிற்காலத்தில் வெளிப்படையாக வருந்தினார். தனக்கென ஒரு பாணி இருந்தால் மட்டும் போதாது, அதற்கு உள்ளே ஓர் எண்ணமும் வேண்டும் என்பது இதனால் விளங்குகிறது. அதன்பின் எட்டு ஆண்டுகள் நடிகர்கள் நடித்த பேட்மேன் படம் எதுவும் திரைக்கு வரவில்லை.

2005-இல் கிறிஸ்டோபர் நோலன் வந்தார். கனவு நகரை அவர் விரும்பவில்லை. சிகாகோ நகரின் மெய்யான தெருக்களிலும் படமாக்கினார். 2008-இல் வந்த ‘தி டார்க் நைட்’ படத்தில் பதினெட்டுச் சக்கர லாரி ஒன்று நடுத்தெருவில் குட்டிக்கரணம் போடும் காட்சி வரும். அந்த லாரியை மெய்யாகவே கவிழ்த்துத்தான் எடுத்தார்கள். 2012-ஆம் ஆண்டுப் படத்தில் பாதாளச் சிறையிலிருந்து நாயகன் ஏறி வெளிவரும்போது பின்னே தெரிவது நம் ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டை. இவ்வட நாட்டில் வாழும் நம்மில் சிலர் அக்கோட்டையை நேரிலே கண்டிருக்கலாம்.

இவ்விருவர் கைவண்ணமும் எங்கே பிரிகின்றன என்பதை ஒரே காட்சியில் காணலாம். அது பெற்றோர் இறக்கும் காட்சி. பர்ட்டனின் படத்தில் அவர்களைக் கொன்றவன் பின்னாளில் ஜோக்கராக மாறுகிறவனே. அந்த ஜோக்கரை உருவாக்கியதில் பேட்மேனுக்கும் பங்குண்டு. ஒருவரையொருவர் படைத்துக்கொண்ட இரு தனியர்களின் கதையாக அது முடிகிறது. நோலனின் படத்திலோ, இசை நாடகத்தில் வௌவால் போன்ற வேடங்களைக் கண்டு சிறுவன் அஞ்சுகிறான். வெளியே போகலாம் என்கிறான். அதனாலேயே குடும்பம் அந்தச் சந்துக்கு வருகிறது. கொன்றவன் வறுமையுற்ற ஒரு சாதாரண மனிதன். தன் அச்சமே பெற்றோரைக் கொன்றது என்ற குற்ற உணர்ச்சி சிறுவனை வாட்டுகிறது. வளர்ந்தபின் பழிவாங்கத் துப்பாக்கியோடு செல்பவனிடம், அவனது இளமைத் தோழி நீதி வேறு, பழி வேறு என்று இடித்துரைக்கிறாள். அவன் துப்பாக்கியை நீரில் எறிகிறான்.

ஒரே மரணம்தான். ஒருவர் கையில் அது தனிமையின் கதையாயிற்று. மற்றவர் கையில் அச்சத்தின் கதையாயிற்று. படக்கதை இதழ் தந்தது எலும்புக்கூடு. உயிர் தந்தவர் இயக்குநர். இதை அறியாமல் ‘முகமூடிப் படம்’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கியது நம் பிழை. பிள்ளைகள் பார்ப்பது குப்பையா, கலையா என்று நாம் கேட்டோம். யார் சொல்லும் கதை, எதற்காகச் சொல்கிறார் என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்? அவ்வாறு கேட்கப் பழகிய பிள்ளை எந்தப் படத்தாலும் எளிதில் ஏமாறாது.

ஆயினும் ஒன்று கூறுவோம். இவற்றுள் சில மிகச் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றவை அல்ல. 2008-ஆம் ஆண்டுப் படத்தின் கொடுமை பெரியவர்களையே உலுக்குவது. எனவே வரும் விடுமுறையில் பர்ட்டனின் 1989 படத்தையும் நோலனின் 2005 படத்தையும் அடுத்தடுத்த வாரங்களில் திரையிடுவோம். வளர்ந்த பிள்ளைகளோடு பெற்றோரும் தவறாது அமர்வோம். முடிந்தபின் அரை மணி நேரம் பேசுவோம். கேள்வி கேட்ட அச்சிறுமியே அன்று முதலில் பேச வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.