நம்ம பெயர்ல ஒரு பக்கம்

இன்னைக்கு ஒரு சின்ன வேலையைப் பத்திப் பேசப்போறேன். உங்க பெயரில், நீங்களே எழுதிப் போடுற ஒரு வலைப்பக்கம். ஆப் கிடையாது, ரெடிமேட் டெம்ப்ளேட் கிடையாது, ஃபாலோயர் எண்ணிக்கையும் கிடையாது. ஒரே ஒரு ஃபைல். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவங்களுக்கு இது முதல் செமஸ்டர் லேப் மாதிரி தோணும். ஆனா அந்த லேபுக்கு அப்புறம் சொந்தமா ஒண்ணு போட்டவங்க எத்தனை பேர்னு உங்க செட்டுலயே கேட்டுப் பாருங்க.

முதல்ல கொஞ்சம் பழைய கதை. ஜெனீவா பக்கத்துல இருக்கிற செர்ன் ஆய்வகத்துல டிம் பெர்னர்ஸ்-லீ இந்த வலையை உருவாக்கினார். அவர் எழுதின முதல் பிரவுசர்ல ஒரு பக்கத்தைப் படிக்கவும் முடியும், எழுதித் திருத்தவும் முடியும். படிக்கிறவர் ஒருத்தர், எழுதுறவர் இன்னொருத்தர்னு அவர் பிரிச்சு வைக்கலை. 1991 ஆகஸ்ட்ல அதை வெளியுலகத்துக்குச் சொன்னார். 1993 ஏப்ரல் 30 அன்று, இதை யார் வேணும்னாலும் காசு கொடுக்காம பயன்படுத்திக்கலாம்னு செர்ன் அறிவிச்சது. ஆனா அதுக்கப்புறம் உலகம் முழுக்கப் பரவின பிரவுசர்கள் பெரும்பாலும் படிக்கிறதுக்கு மட்டும்தான். எழுதுற பாதி கழண்டு போச்சு. நாமெல்லாம் வேடிக்கை பார்க்கிற பாதியில உக்காந்துட்டோம்னு எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

அந்த இன்னொரு பாதியைச் சாதாரண ஜனங்க கையில கொண்டுவந்து கொடுத்ததுல ஜியோசிட்டீஸுக்குப் பெரிய பங்கு. 1994-ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது. இலவசமா இடம் கொடுப்பாங்க, நீங்க உங்க பக்கத்தைப் போட்டுக்கலாம். அழகான விஷயம் என்னன்னா, அதைப் பேட்டை பேட்டையா பிரிச்சிருந்தாங்க. சினிமா பிடிக்கிறவங்களுக்கு ஹாலிவுட், கம்ப்யூட்டர்காரங்களுக்கு சிலிக்கான் வேலி, அறிவியல் புனைகதைப் பிரியர்களுக்கு ஏரியா 51. பேட்டை பேரும் ஒரு கதவு நம்பரும் சேர்ந்ததுதான் உங்க முகவரி. மினுக்குற எழுத்து, பின்னணியில நட்சத்திரம், "வேலை நடக்கிறது"ன்னு மண்வெட்டி பிடிச்ச பொம்மை. இன்னைக்குப் பார்த்தா சிரிப்பு வரும். ஆனா அது ஒவ்வொண்ணும் ஒரு ஆள் கைப்பட எழுதினது.

1999-ல யாஹூ அதைப் பல நூறு கோடி டாலர் மதிப்புல வாங்கினாங்க. 2009 அக்டோபர்ல மூடிட்டாங்க. முன்கூட்டியே சொல்லித்தான் மூடினாங்க, ஆனா அந்த அறிவிப்பைப் பார்க்காத எத்தனையோ பேர் இருந்திருப்பாங்க. ஆர்க்கைவ் டீம்னு ஒரு தன்னார்வக் கூட்டம் ராப்பகலா முடிஞ்சவரைக்கும் நகலெடுத்து, அடுத்த வருஷம் பொதுவுல வெச்சாங்க. அந்தப் பக்கங்கள்ல கணிசமானது இன்னைக்கும் பார்க்கக் கிடைக்குதுன்னா அதுக்கு அவங்களும் இன்டர்நெட் ஆர்க்கைவும்தான் காரணம்.

இதுல நான் பார்க்கிறது இதுதான்: அன்னைக்கு யார் தன் கம்ப்யூட்டர்ல ஃபைலை வெச்சிருந்தாரோ, அவருக்கு வேற இடம் தேடுற வேலை மட்டும்தான் மிச்சம். பக்கம்ங்கிறது ஃபைல். அது இருக்கிற இடம் வாடகை வீடு. இந்த ரெண்டும் தனித்தனியா இருக்கணும்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, எங்க வீட்டுலயே நடந்தது ஒண்ணு இருக்கு. என் சித்தி பொண்ணு நங்கநல்லூர்ல இருக்கா. நாலு வருஷமா வாசல்ல போடுற கோலத்தை போட்டோ எடுத்து, நம்ம எல்லாரும் பயன்படுத்துற மாதிரி ஒரு ஆப்ல போட்டுட்டு வந்தா. ஒருநாள் காலையில கணக்கு முடங்கியிருந்துது. விதியை மீறிட்டீங்கன்னு ஒரு வரி வந்துது, எந்த விதின்னு இல்லை. மேல்முறையீடு பண்ணினா, அதுக்கு வந்த பதிலும் அதே வரிதான்.

போட்டோ பாதிக்கு மேல அவ போன்லயே இருந்துது. போனது எழுத்து. ஒவ்வொரு கோலத்துக்குக் கீழயும் எத்தனை புள்ளி, நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா, எந்தப் புள்ளியில இருந்து கம்பியை ஆரம்பிக்கணும், இதுக்குப் பாட்டி என்ன பேர் சொல்வாங்க, பாட்டிக்கு யார் சொல்லிக்கொடுத்தாங்கன்னு எழுதியிருந்தா. பாட்டி போன வருஷம் தவறிட்டாங்க. அவங்ககிட்ட கேட்டுக் கேட்டு எழுதினது அது. பாட்டியோட கோல நோட்டு ஒண்ணு வீட்டுல இருக்கு, ஆனா அதுல புள்ளியும் கோடும் மட்டும்தான். பேரெல்லாம் பாட்டி வாய்லதான் இருந்துது.

"அக்கா, எனக்கு ஞாபகம் இருக்கிறதையாவது எங்கயாவது ஒழுங்கா எழுதி வைக்கணும், இன்னொருத்தர் பூட்டுற இடத்துல வேண்டாம்"னு சொன்னா. அப்படித்தான் ரெண்டு பேரும் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தோம்.

என்ன பண்ணினோம்னு சொல்றேன். கம்ப்யூட்டர்ல ஒரு ஃபோல்டர். அதுக்குள்ள நோட்பேட்ல ஒரு ஃபைல், பேர் இண்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல். அந்தப் பேருக்குக் காரணம் இருக்கு. யாராவது உங்க முகவரியை மட்டும் அடிச்சா, சர்வர் முதல்ல தேடுற ஃபைல் வழக்கமா அதுதான். சேவ் பண்ணும்போது 'ஆல் ஃபைல்ஸ்'னு தேர்ந்தெடுக்கணும், இல்லைன்னா நோட்பேட் பின்னாடி ஒரு டாட் டிஎக்ஸ்டியை ஒட்டவெச்சிடும். மேக்ல டெக்ஸ்ட்எடிட்னா முதல்லயே 'பிளெயின் டெக்ஸ்ட்'க்கு மாத்திக்கணும்.

உள்ளே என்ன எழுதணும்ங்கிறதை வாயால சொன்னா போர் அடிக்கும். எந்தப் பக்கத்துலயாவது மவுஸை வலது கிளிக் பண்ணி 'வியூ பேஜ் சோர்ஸ்' கொடுங்க. ஒரு தலைமுறையே அப்படித்தான் கத்துக்கிட்டது. தலைப்புக்கு எச்1, பத்திக்கு பி, இணைப்புக்கு ஏ, படத்துக்கு இமேஜ். இந்த நாலு டேக் தெரிஞ்சா கோலப் பக்கத்துக்கு முக்கால்வாசி முடிஞ்சுது. போன்ல எழுத்து எறும்பு மாதிரி தெரியாம இருக்க வியூபோர்ட்னு ஒரு வரி சேர்க்கணும். அதை அப்படியே காப்பி பண்ணிக்கலாம், தப்பில்லை.

ஆனா ஒரு வரியைப் பத்தி நின்னு பேசணும். மெட்டா சார்செட் யுடிஎஃப்-8. தமிழ்ல எழுதுறவங்களுக்கு இந்த ஒரு வரிக்குப் பின்னாடி பத்துப் பதினைஞ்சு வருஷ அவதி இருக்கு.

தொண்ணூறுகள்ல ஒரு எழுத்துருவுக்குள்ள 256 கட்டம்தான். அதுல பாதியை ஆங்கில எழுத்தும் குறியும் பிடிச்சுக்கும். மீதியில தமிழை அடைக்கணும். எந்தக் கட்டத்துல எந்த எழுத்துங்கிறதை ஒவ்வொரு எழுத்துருக்காரரும் தன் இஷ்டத்துக்கு வெச்சார். ஒருத்தர் 'க' வெச்ச கட்டத்துல இன்னொருத்தர் 'மு' வெச்சிருப்பார். அதனால ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்தா முதல் வரியே "இந்த எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்"னு இருக்கும். இறக்கலைன்னா கொம்பு முளைச்ச ஆங்கில எழுத்தா வரிசையா நிக்கும். பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர்ல எழுத்துரு இறக்க விடவும் மாட்டாங்க. அந்த நிலைமையிலயும் 1995-லயே சிங்கப்பூர்ல நா. கோவிந்தசாமி தமிழ்க் கவிதைகளை வலையில ஏத்திக் காட்டினார். 1998 பொங்கல்ல மதுரைத் திட்டம் ஆரம்பிச்சுது. கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்துல இருந்துக்கிட்டு நடத்தினார். பல நாட்டுல இருந்த தமிழர்கள் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து, பழைய நூல்களைத் தட்டச்சு பண்ணிக் கொடுத்தாங்க. அப்போ அவங்க பயன்படுத்தினது டிஸ்கி குறியீடு. பின்னாடி யூனிகோட் பரவினப்போ அந்த நூல்களை மாத்த முடிஞ்சுதுன்னா, ஃபைல் அவங்க கையில இருந்துது. எழுத்துரு இல்லாம, மாத்த ஆளும் இல்லாம போன பக்கங்கள் இன்னும் கொம்பு முளைச்ச எழுத்தாவே கிடக்கு.

யூனிகோட்ல தமிழுக்குன்னு தனி இடம் இருக்கு, எந்தக் கம்ப்யூட்டர்லயும் 'க'ன்னா 'க'தான். ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் யுடிஎஃப்-8-ல மூணு பைட். 'கோ'ன்னு எழுதினா ககரமும் ஓகாரக் குறியுமா ஆறு பைட். ஐயோ இவ்வளவான்னு பயப்பட வேண்டாம். ஆயிரம் சொல் கட்டுரை முப்பது கேபிகூட வராது. உங்க போன்ல எடுக்கிற ஒரே ஒரு போட்டோ அதைப்போல நூறு மடங்கு இருக்கும். அப்படியே, எச்டிஎம்எல் டேக்ல மொழி தமிழ்னும் குறிச்சிடுங்க. பார்வையில்லாதவங்களுக்கு ஸ்க்ரீன் ரீடர் படிச்சுக் காட்டும்போது எந்தக் குரல்ல படிக்கணும்னு அதுக்குத் தெரியும். படத்துக்கு ஆல்ட்னு ஒரு விளக்கம் கொடுக்கலாம். சித்தி பொண்ணு அதுல "15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி"ன்னு எழுதினா. கண்ணால பார்க்காம காதால கேட்டே அந்தக் கோலத்துக்குப் புள்ளி வெச்சிடலாம். மொத்தம் 169 புள்ளி, நான் கூட்டிப் பார்த்தேன்.

போட்டோ விஷயத்துல ஒரு எச்சரிக்கை. போன்ல லொகேஷன் ஆன்ல இருந்தா, எடுத்த இடம் அந்தப் படத்துக்குள்ளயே பதிவாகும். வாசல் கோலம்னா அது நேரா வீட்டு விலாசம். பல ஆப்கள் அதை நீக்கிட்டுத்தான் காட்டும், ஆனா நாமே ஏத்தும்போது நீக்க ஆள் இல்லை. லொகேஷனை அழிச்சிட்டு ஏத்துங்க. ஒண்ணும் தெரியலைன்னா படத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதைப் போடுங்க, அதுல அந்தப் பதிவு வராது. கதவு நம்பர், வண்டி நம்பர் ஃபிரேம்ல இருக்கான்னும் பார்த்துக்கோங்க. எங்க படங்கள்ல ஏழெட்டுல பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் நின்னுட்டு இருந்துது.

அப்புறம் ஃபைல் பேர். ஆங்கிலத்துல சின்ன எழுத்து, இடைவெளி இல்லாம. விண்டோஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது. பெரும்பாலான சர்வர் பார்க்கும். வீட்டுல அழகா தெரிஞ்ச படம், ஏத்தினதும் உடைஞ்ச சட்டமா நிக்கிறதுக்கு இதுதான் வழக்கமான காரணம்.

ஏத்துறது பெரிய விஷயமே இல்லை. நியோசிட்டீஸ்னு 2013-ல ஆரம்பிச்ச ஒரு இடம் இருக்கு, பேரே பழைய ஜியோசிட்டீஸ் நினைவாத்தான். கணக்கு தொடங்கி ஃபைலை இழுத்து விட்டா முடிஞ்சுது. கிட்ஹப் பேஜஸ்லயும் இலவசமா போடலாம். ஆனா அங்க இலவசக் கணக்குல ஃபைல்களோட பழைய வடிவமும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். அதனால நேத்து போன் நம்பர் போட்டு இன்னைக்கு அழிச்சா போதும்னு நினைக்காதீங்க. காசு கொடுத்து சொந்த டொமைன் வாங்கினா இன்னும் நல்லது. நாளைக்கு வீடு மாறினாலும் விலாசம் மாறாது. டாட் இந்தியான்னு முழுக்கத் தமிழ் எழுத்துலயே முகவரி வாங்கவும் வழி இருக்கு. ஒண்ணு மட்டும், முதல் வருஷ விலையைப் பார்த்து மயங்காம புதுப்பிக்கிற விலையைப் பாருங்க, பல இடத்துல அது ரொம்ப ஜாஸ்தி.

யார் வந்து பார்ப்பாங்கன்னு கேப்பீங்க. ஆரம்பத்துல பத்துப் பேர். அவ பக்கத்துல எண்ணிக்கை காட்டுற கருவியே வைக்கலை, வேண்டாம்னுட்டா. அவளுக்குப் பிடிச்சது வேற ஒண்ணு. பழைய ஆப்ல எல்லாம் தேதி வரிசைதான், புதுசு மேல, பழசு கீழே புதைஞ்சிடும். இங்க நேர்ப்புள்ளி ஒரு பக்கம், ஊடுபுள்ளி ஒரு பக்கம், சிக்குக் கோலம் தனி. அதுக்குள்ள சின்னதுல இருந்து பெருசு. பாட்டி நோட்டுல இருந்த வரிசை அது. பேர் மறந்துபோன கோலத்துக்கு "பேர் தெரியவில்லை"ன்னு எழுதி வெச்சிருந்தா. பக்கத்தோட லிங்க்கைச் சொந்தக்காரங்களுக்கு அனுப்பினா. ரெண்டாவது வாரம், திருச்சியில இருக்கிற பெரியம்மா போன் பண்ணி, "அந்த பதினோரு புள்ளிக்கு எங்கம்மா ஒரு பேர் சொல்லுவாங்கடி, எழுதிக்கோ"ன்னாங்க. இதுவரைக்கும் அப்படி மூணு பேர் திரும்பக் கிடைச்சிருக்கு. ஒவ்வொண்ணும் வரும்போது நோட்பேடைத் திறந்து அந்த ஒரு வரியை மாத்தி, மறுபடி ஏத்துறா. ஃபோல்டரோட ஒரு நகல் பென் டிரைவ்ல, இன்னொண்ணு என்கிட்ட. இன்டர்நெட் ஆர்க்கைவோட வேபேக் மெஷின்ல 'சேவ் பேஜ் நவ்'னு இருக்கு, அங்கயும் அப்பப்போ பதிஞ்சு வைக்கிறோம்.

இன்னும் பதினாலு கோலத்துக்குப் பேர் தெரியலை. சரி, இன்னைக்கு இவ்வளவுதான். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.