சரீர தத்துவ சாஸ்திரம்: போதனையும் ஆராய்ச்சியும்
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சர்வகலாசாலையில் சரீர தத்துவ சாஸ்திரம், அஃதாவது உடலியல், எவ்வாறு பயிற்றப்படுகின்றது என்பது பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தீர்கள். நம்மவருள் தம் மக்களை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப விரும்பாத பெற்றோர் அரியர். ஆயின், அங்கே கற்பது யாது, கற்கும் முறை யாது என வினவுவோரும் அரியரே. ஆதலின் பொதுப்படக் கூறாது, லண்டன் யூனிவர்ஸிடி காலேஜின் உடலியல் பகுதியை உதாரணமாகக் கொண்டு சில சொல்லத் துணிகின்றோம்.

1826-ஆம் ஆண்டில் அக்கல்லூரி தோன்றியபோது இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்னும் இரு சர்வகலாசாலைகளே இருந்தன. அரசாங்கத் திருச்சபையைச் சாராதார் அங்கே பட்டம் பெறுதல் இயலாது. மதம் யாதென வினவாது மாணாக்கரைச் சேர்ப்பதெனும் கொள்கையோடு எழுந்தது இப்புதிய கல்லூரி. 1836-இல் வில்லியம் ஷார்ப்பி என்பார் உடற்கூறும் உடலியலும் போதிக்க அங்கு அமர்ந்தார். இரத்த அழுத்தத்தைச் சுழலும் உருளையில் கோடாக வரையும் கருவி அவரிடம் இல்லை. அதனால் தமது உயரமான தொப்பியையே சுழற்றிக் காட்டி அக்கருவியின் தொழிலை விளக்குவாராம். கருவி இன்றேனும் கருத்து உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆயினும் கண்டு கேட்பது மட்டும் கல்வியாகாது. 1867 முதல் அவர்தம் மாணாக்கராகிய மைக்கேல் பாஸ்டர், மாணவர் தம் கையாலேயே பரிசோதனை செய்து பழகும் முறையை அக்கல்லூரியில் நடத்தினார். 1870-இல் அவர் கேம்பிரிட்ஜுக்குச் சென்று, அம்முறையை ஆங்கும் நிலைநாட்டினார். ஷார்ப்பியின் பிறிதொரு மாணாக்கராகிய எட்வர்ட் ஷேபர் லண்டனிலும் பின்னர் எடின்பரோவிலும் பேராசிரியராக விளங்கி, 1918-இல் தம் ஆசிரியரின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக் கொண்டார். குருபக்தி நம் நாட்டுக்கே உரியதென்று எண்ணுவார் இதனைச் சிந்திப்பாராக.

இனி, போதிப்பாரே ஆராய்தலின் பயனைக் காண்போம். ஸ்டார்லிங், பேலிஸ் என்னும் இருவர் அங்கே ஆசிரியராயிருந்தனர். ஸ்டார்லிங்கின் சகோதரியை மணந்தவர் பேலிஸ், ஆகவே மைத்துனர். இரைப்பையிலிருந்து புளிப்பான உணவு சிறுகுடலில் இறங்கியதும் கணையம் தன் நீரைச் சுரக்கின்றது. இச்செய்தியைக் கொண்டு செல்வன நரம்புகளே என்பது ருஷ்ய தேசத்துப் பாவ்லவ் முதலானோர் கொள்கை. 1902 ஜனவரியில் இவ்விருவரும் மயக்கமுற்ற நாயொன்றின் குடற்பகுதிக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டு, அதனுள் அமிலத்தைச் செலுத்தினர். அப்பொழுதும் கணையநீர் சுரந்தது. பின்னர்க் குடலின் உட்சவ்வைச் சுரண்டி, அமிலம் சேர்த்து அரைத்து வடித்து, அச்சாற்றை இரத்தத்தில் செலுத்தினர். மீண்டும் சுரந்தது! செய்தி இரத்தத்தின் வழியாகவும் செல்லும் என்பது தெளிவாயிற்று. அப்பொருளுக்குச் செக்ரீட்டின் எனப் பெயரிட்டனர். இத்தகைய பொருள்களுக்கு 'ஹார்மோன்' என்னும் பொதுப்பெயரை 1905-இல் ஸ்டார்லிங் வழங்கினார். இன்று நம் இல்லங்களில் நீரிழிவுக்கு ஏற்றப்படும் இன்ஸுலினும் அவ்வினத்ததே. பாவ்லவின் பரிசோதனைச் சாலையிலும் அச்சோதனை மீளச் செய்து பார்க்கப்பட்டது. உண்மை கண்டு அவரும் ஒப்புக்கொண்டார். தாம் போதித்ததைத் தாமே திருத்திக் கொள்ளும் இத்துணிவே ஆராய்ச்சியின் உயிர்நிலை.

ஜீவகாருண்யத்தை உயிரெனப் போற்றும் நம்மவர் உள்ளத்தில் இங்கே ஓர் ஐயம் எழும். வாயில்லாப் பிராணியை வருத்திப் பெறும் அறிவு அறமாகுமோ? இவ்வினா லண்டனிலும் எழுந்தது. 1903 பிப்ரவரியில் பேலிஸ் மாணவர் முன்னிலையில் ஒரு நாயைக் கொண்டு பாடம் நடத்தினார். அதற்குப் போதிய மயக்க மருந்து கொடுக்கப்படவில்லை என்று, உடனிருந்த ஸ்வீடன் தேசத்துப் பெண்மணிகள் இருவர் எழுதினர். அதனைப் பொதுமேடையில் எடுத்துரைத்த ஸ்டீபன் கோல்ரிட்ஜ் மீது பேலிஸ் வழக்குத் தொடுத்து வென்று, நஷ்ட ஈடாக 2000 பவுன் பெற்றார். அப்பணத்தை ஆராய்ச்சிக்கே அளித்தார். எனினும் அந்நாயை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தியமை நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. 1906-இல் பாட்டர்ஸி என்னுமிடத்தில் அதற்குச் சிலை எழுந்தது. 1907-இல் மருத்துவ மாணவர் கலகம் விளைத்தனர். 1910-இல் சிலை அகற்றப்பட்டது. 1985-இல் புதியதொன்று நாட்டப்பட்டது. 1876-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக 1986-இல் விரிவான சட்டமும் பிறந்தது. வழக்கில் வென்றவர் பேலிஸ். ஆயினும் அவ்விரு பெண்மணிகள் எழுப்பிய வினா தோற்றதென்று யாம் கருதோம். வலியில்லாமல் செய்தாயா, இன்றியமையாததா, வேறு வழி உண்டா எனக் கேட்பாரை மாணவர் பகைவராகக் கருதலாகாது. கலகம் செய்தல் கல்விக்கு இழுக்கு.

இறுதியாக ஒன்று. ஜெர்மனியில் யூத குலத்தில் பிறந்தமையால் வாழ வழியற்ற பெர்னார்ட் காட்ஸ் என்னும் இளைஞர், 1935-இல் இக்கல்லூரியில் ஏ. வி. ஹில் என்னும் பேராசிரியரை வந்தடைந்தார். ஹில் அவரைத் தம் பரிசோதனைச் சாலையில் ஏற்றுக் கொண்டார். நரம்பு தசையோடு பேசும் விதத்தை ஆராய்ந்த காட்ஸ் 1970-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். பிறப்பை நோக்கி ஒரு தேசம் கதவடைத்தது. அறிவை நோக்கி ஒரு கல்லூரி கதவைத் திறந்தது. இழந்தவர் யார், பெற்றவர் யார்?

குலத்தின் பெயரால் கூடிய நாம் இதனை நெஞ்சிற் கொள்ளக் கடவோம். நம் பிள்ளைகளுக்கு உதவுதல் நம் கடமையே. அவ்வுதவி பிறருக்குக் கதவடைப்பதாக மாறுதல் கூடாது. வீடு திரும்பும் மக்களிடம், "எத்தனை மதிப்பெண்?" என்று மட்டும் கேளாமல், "இன்று உன் கையால் என்ன செய்து பார்த்தாய்? எதனை ஐயுற்றாய்?" என்றும் கேளுங்கள். புதல்வரிடம் கேட்பது போலவே புதல்வியரிடமும் கேளுங்கள். அவ்வினாவே நாம் அவர்களுக்கு ஈயும் சிறந்த சீதனம்.