சந்தேகமும் சோதனையும்
(ஒண்டிக்கடையில், சங்கத்தின் மாலை வகுப்பில் ஆற்றிய உரை)



கணிப்பொறி வலையில் களவாகப் புகுவோரைக் கண்டறியும் கருவியைப் பற்றி இன்று பேச விழைகிறோம். இஃது அயல்நாட்டுக் கதையன்று. நம் தமிழகத்துக் கூடங்குளம் அணுமின் நிலையத்தில், இணையத்தோடு பிணைந்திருந்த நிர்வாகக் கணிப்பொறி ஒன்றில் தீநிரல் புகுந்திருந்தது. அதனைக் கண்டு 2019 செப்டம்பர் 4-இல் தெரிவித்தது செர்ட்-இன் என்னும் மைய அரசு அமைப்பு. அக்டோபர் 30-இல் இந்திய அணுமின் கழகம் அதனை ஒப்புக்கொண்டு, முக்கிய உள்வலை தனித்திருந்தமையால் நிலையத்தின் இயக்க அமைப்புகளுக்குக் கேடில்லை என அறிவித்தது. வீட்டுக்குள் கள்வன் என்னும் செய்தி வெளியிலிருந்து வந்ததை எண்ணிப் பாருங்கள்.

நம் மலையடிவாரச் சாவடியில் வண்டியை நிறுத்திச் சோதிக்கலாம். வலையில் அதற்கு நேரம் ஏது? நொடிக்கு 1,000 கோடி பிட்டுகள் ஓடும் ஈதர்நெட் இணைப்பில், மிகச் சிறிய தகவல் பொட்டலங்கள் நொடிக்கு 1 கோடியே 48 லட்சம் வரை வரக்கூடும். ஒன்றுக்குக் கிடைப்பது 67 நானோ நொடி. அதாவது ஒரு நொடியை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் 67 கூறு. அதற்குள் பொட்டலத்தின் உள்ளடக்கத்தை ஆயிரக்கணக்கான தீக்குறிகளோடு ஒப்பிடவேண்டும். பொதுக் கணிப்பொறி திணறும். ஆகவே இப்பணிக்கெனவே சுற்றமைத்த சில்லுகளை நாடினர். ஆனால் சில்லினுள் இடம் குறைவு; பட்டியல் முழுவதும் அடங்காது. வெளி நினைவகத்தை ஒவ்வொரு முறையும் நாடினாலோ காலம் கடந்துவிடும்.

இதற்கு வழி 1970-லேயே பிறந்திருந்தது. பர்ட்டன் புளூம் என்பார், ஆங்கிலச் சொற்களை வரியிறுதியில் பிரித்தெழுதும் சிக்கலை எடுத்துக்காட்டாக வைத்து ஒரு முறை வகுத்தார். (ஆசிரியராகிய எமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி!) 2003-இல் அமெரிக்கச் செயிண்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சாரங் தர்மபுரிகர் முதலானோர் அதனைச் சில்லில் அமைத்துப் பொட்டலச் சோதனைக்கு ஆளாக்கினர்.

முறை எளியது. பூச்சியங்களால் நிரம்பிய ஒரு வரிசை. ஒவ்வொரு தீக்குறியையும் சில சூத்திரங்களிலிட்டு, அவை காட்டும் இடங்களை 1 ஆக்குகிறோம். தீக்குறியைச் சேமிப்பதில்லை, இடம் மிச்சம். வருகின்ற துண்டையும் அதே சூத்திரங்களில் இடுகிறோம். ஓரிடத்திலேனும் பூச்சியம் இருந்தால் அது பட்டியலில் இல்லை, உறுதியாக விட்டுவிடலாம். எல்லா இடமும் 1 எனில், இருக்கலாம் என்பது மட்டுமே பொருள். அப்போதுதான் வெளி நினைவகத்தின் பட்டியலை எடுத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுவர். பட்டியலிலுள்ள தீக்குறி தப்பாது. ஆனால் குற்றமற்றதும் சில வேளை நிறுத்தப்படும்.

இளைஞர்களே, இங்கே சற்று நில்லுங்கள். வாயிலில் நிறுத்தப்படுவதும், நிறுத்தியவர் மேற்கொண்டு விசாரியாமலே தீர்ப்பளிப்பதும் நம் முன்னோர்க்குப் புதிதன்று. சிக்கனம் கருதி அவ்விரண்டாம் சோதனையை நீக்கிவிட்டால், இக்கருவியும் அதனையே செய்யும். அதனை நீக்குவதா வைப்பதா என முடிவெடுக்கும் மேசையில் நம் பிள்ளைகளும் அமரவேண்டும் என்பதே எம் ஆவல்.

குறை இல்லாமலில்லை. பட்டியலில் ஏறாத புதுத் தீங்கை இம்முறை அறியாது. மறைகுறியாக்கி அனுப்பியதன் உள்ளேயும் பாராது.

அடுத்த வகுப்பில் கரும்பலகையில் பதினாறு கட்டங்கள் வரைந்து, உங்கள் பெயர்களையே இட்டுப் பார்ப்போம். முதல் பொய்ச் சந்தேகம் எவர் பெயரில் எழுகிறதோ, அவரே எழுந்து வந்து அதன் காரணத்தை விளக்கவேண்டும்.