விடை கேளாத வினா



நன்னூல் படித்தவர்களுக்கு வினா ஆறு வகை என்பது மனப்பாடம். மேடையில் நாங்கள் விடையை எதிர்பாராமல் கேட்கிறோமே, அது எந்த வகை? அறிவினா என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அறிவினா ஆசிரியர் மாணவனிடம் கேட்பது. அங்கே விடை வராவிட்டால் பிரம்பு வரும். விடையே வேண்டாத வினாவைத் தேடித் தொல்காப்பியத்துக்குத்தான் போக வேண்டும். வினாவுக்கு எதிராக வரும் வினாவும் விடையே என்கிறது அதன் கிளவியாக்கம். ஓகாரத்துக்கு வினாப்பொருளோடு எதிர்மறைப் பொருளும் உண்டு என்கிறது இடையியல். 'நானோ களவெடுப்பேன்?' என்பவன் எதையும் கேட்கவில்லை, மறுக்கிறான்.

கண்டிச் சீமையில் விடை வேண்டாத இந்த வினா அணியைக் கேட்க வேண்டுமானால், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போங்கள். நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. "காலையில இருந்து மழையில சும்மாவா நின்னேன்?" என்பார் கூடையை இறக்கிய அம்மா. கணக்கப்பிள்ளை 'இல்லை' என்றால் முழுப்பேர் போட வேண்டும்; 'ஆமா' என்றால் நாளைக்குக் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டில் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது. குனிந்து செக்ரோல் பதிவேட்டில் எழுதுவார். பேச்சில் அம்மா வென்றுவிடுவார். அரைப்பேர் அரைப்பேராகவே இருக்கும்.

கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் விடை ஒன்றாக இருந்தால்தான் இந்த அணி நிற்கும். 'நாங்கள் இந்த நாட்டு மக்கள் இல்லையா?' என்று ஒரு தோட்ட மேடையில் கேட்டால் கூட்டம் கைதட்டும். 1947 தேர்தலில் நாவலப்பிட்டியில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் கே. ராஜலிங்கம் வென்றார், கைதட்டியவர்களுக்கு அப்போது வாக்கும் இருந்தது. மறு ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அதே கேள்வியை நிஜக் கேள்வியாக்கியது. தகப்பன் இங்கே பிறந்தாரா, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்தார்களா என்று கேட்டது. 1949இல் வந்த இன்னொரு சட்டம் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து இங்கே வசித்ததற்குச் சான்று கேட்டது. லயத்துக் காம்பராவில் பிறந்தவரிடம் கடதாசி ஏது? நான் கேட்கும் இதுவும் அதே அணிதான். பிரஜாவுரிமை மனுக்களைப் பார்த்த அலுவலகம் இதை வினாவாகவே எடுத்துக்கொண்டு, 'இல்லை' என்று எழுதி மனுவை மூடியது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு வைத்தபோது, அவர்களை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்கு 'ஆம்' சொல்ல 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது.

பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கும் ஆசிரியர்கள் வரிக்கு வரி 'அல்லவா' போடச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சபை ஏற்கெனவே ஒப்புக்கொண்டதைக் கேட்பதற்குத் துணிச்சல் தேவையில்லை. கைதட்டு வரும், அவ்வளவுதான். சபைக்கு வெளியே, விடை மாறக்கூடிய இடத்தில் கேட்டவர்களின் பேச்சே இலக்கணக்காரன் கவனிக்க வேண்டியது.

தமிழ்த்துறை மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆய்வேட்டுக்கு மடுவத்துப் பேச்சையும் பழைய தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மேடைகளில் பேசியவர்களையும் கேட்டவர்களையும் முதலில் பதிவு செய்யுங்கள். நூலகத்துக்குப் பிறகு போகலாம்.