வாயில் ஒரு கட்டி: மருத்துவரை எப்போது நாட வேண்டும்?

(இலவசப் பல் பரிசோதனை நாளன்று பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

முப்பது ஆண்டுகளாக மலேசியாவில் பல் மருத்துவம் பார்த்து வருகிறேன். "வாயில் ஏதோ கட்டி, புற்றுநோயோ?" என்று அஞ்சி வருவோர் பலர். பெரும்பாலோர் நிம்மதியுடன் வீடு திரும்புகின்றனர். மேலண்ணத்தின் நடுவே கல்போல் இருக்கும் மேடு பெரும்பாலும் எலும்பின் இயல்பான வளர்ச்சியே. நாக்கின் பின்கோடியில் வரிசையாகத் தெரியும் மொட்டுகள் எல்லாருக்கும் உள்ளவை. உதட்டைக் கடித்துக்கொண்டால் எச்சில் தேங்கி நீர்க்கொப்புளம் வரலாம். ஈறில் வரும் சீழ்க்கட்டிக்குப் பெரும்பாலும் கெட்டுப்போன பல்லே காரணம். அது உடைந்து வலி நின்றாலும் சிகிச்சை அவசியம்.

வலியில்லை என்று வராமல் இருப்பவர்களை எண்ணித்தான் எனக்குக் கவலை. பல ஆண்டுகளுக்கு முன், தோட்டத்துப் பாட்டி ஒருவரை அவர் மகள் அழைத்து வந்தார். பாட்டி எப்போதும் ஒரே கன்னத்தில் வெற்றிலையை அடக்குவார். அங்கேயே கடினமான கட்டி. "ஆறு மாசமா இருக்குய்யா. வலிக்கல, அதான் யாருகிட்டயும் சொல்லல" என்றார். அது புற்றுநோய். அறுவை சிகிச்சை செய்தும் காப்பாற்ற முடியவில்லை.

வாய்ப்புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. மலேசியாவில் இந்தியரிடையே இந்நோய் அதிகம் காணப்படுவதற்கு வெற்றிலை பாக்குப் பழக்கம் ஒரு முக்கியக் காரணம். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட தொகுப்பில் கூறியுள்ளது. தாம்பூலம் பூசைத் தட்டில் மங்கலமாக இருக்கட்டும், வாயில் வேண்டாம். புகையும் மதுவும் அவ்வாறே.

மாதம் ஒருமுறை பொய்ப்பல்லைக் கழற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று பாருங்கள். உதடு, கன்னம், ஈறு, அண்ணம், நாக்கின் இரு ஓரங்கள், நாக்கின் அடி ஆகியவற்றைப் பார்த்து, கழுத்தையும் தடவிப் பாருங்கள். ஆறாத புண், புதிய கட்டி, துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மரத்துப்போதல், காரணமின்றி இரத்தம் கசிதல், வாய் திறக்கச் சிரமம் ஆகியவற்றில் ஏதேனும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் பல் மருத்துவரிடம் செல்லுங்கள். முகம் வீங்கிக் காய்ச்சலுடன் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால், உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

பாட்டியைக் கோயிலுக்கு அழைத்து வரும் பிள்ளைகளே, ஒருநாள் பல் மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். அதுவும் ஒரு தொண்டே.