மரத்தைச் சாய்ப்போம், விரலைக் காப்போம்
(கூட்டமைப்புக் கூட்டத்தில் தச்சு வேலை செய்யும் குழுவினர் பேசியது)



நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து முக்காலியும் போட்டோ சட்டமும் செய்கிறோம். ஆரம்பத்தில் கட்டையைக் காலால் மிதித்து, இடது கையால் அமுக்கிக்கொண்டுதான் அறுத்தோம். "இத்தனை நாளா ஒண்ணும் ஆகலையே" என்று ஒரு தைரியம். ஒருநாள் சாய்வுக் கோட்டில் அறுக்கும்போது கட்டை உருண்டது. ரம்பம் எங்கள் அக்கா ஒருவரின் கட்டைவிரலில் இறங்கிவிட்டது. நாலு தையல். இருபது நாள் வேலை இல்லை. அந்த மாதம் அவர் கடன் தவணையை நாங்கள்தான் பங்கு போட்டுக் கட்டினோம்.

அதன் பிறகு குழுச் சேமிப்பில் பணம் எடுத்து, மேசையில் பொருத்தும் வைஸ் ஒன்றும், இரண்டு கிளாம்பும் வாங்கினோம். மரத்தைப் பிடிப்பது வைஸின் வேலை. அறுப்பதுதான் நம் கையின் வேலை.

இன்னொன்றும் கற்றோம். கோடு சாய்வாக இருந்தால் ரம்பத்தைச் சாய்க்கக் கூடாது. கட்டையைச் சாய்த்து வைஸில் இறுக்க வேண்டும். அப்போது கோடு தரைக்கு நேர் செங்குத்தாக நிற்கும். ரம்பத்தை நேராக ஓட்டினால் போதும். கையும் கோணாது, வெட்டும் கோணாது.

முக்காலியில் துளைக்குள் நுழையும் நாக்கை இப்படி வெட்டுகிறோம். கட்டையை நம்மைவிட்டு 45 டிகிரி சாய்த்து இறுக்கி, ஒரு மூலையிலிருந்து அறுக்கிறோம். திருப்பி வைத்து மறு மூலை. கடைசியில் நேராக நிறுத்தி, குறித்த கோடு வரை. வைஸுக்கு மேலே கட்டை அதிகம் நீட்டிக்கொண்டு இருந்தால் அதிரும், தாழ்த்தி வையுங்கள். மரத்தில் தழும்பு விழாமல் இருக்க, இடையில் ஒரு துண்டுப் பலகை கொடுங்கள்.

சட்டத்தின் மூலைக்கு, மூன்று பலகையை வாய்க்கால் போல அடித்து, பக்கப் பலகைகளில் 45 டிகிரிக்கு வெட்டு போட்ட பெட்டி போதும். மரத்தைப் பின்பலகையோடு ஒட்டிக் கிளாம்ப் போட்டபிறகே அறுக்க வேண்டும்.

உளி பிடிக்கும்போது இரண்டு கையும் உளியின் கூர்முனைக்குப் பின்னாலேயே இருக்கட்டும். முன்னால் விரல் போகவே கூடாது.

இப்போது எங்கள் பட்டறையில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித்தருவது அந்த அக்காதான். "முதல்ல கட்டையை ஆட்டிப் பாரு. ஆடுச்சுன்னா ரம்பத்தை எடுக்காதே" என்பார்.

நம் கைதான் சகோதரிகளே, நம் முதல் மூலதனம்.